காண்டாமிருக வண்டைப் பற்றி எழுதுவோர் கவனத்திற்கு



வட்டாரப் பயிரும் பூச்சியும் பற்றிய இடுபணி என்றால், பண்டார் பாரு மாணவர்களுக்குக் காண்டாமிருக வண்டு பொருத்தமான தலைப்பு. சுற்றிலும் செம்பனைத் தோட்டம்தானே! இப்படிப்பட்ட கட்டுரைகளில் மொழிநடை நன்றாகவே இருக்கு. ஆனால், படம் ஒரு பூச்சியைக் காட்டுது, செய்தி இன்னொரு பூச்சியைச் சொல்லுது. குறை அங்கேதான்.

முதலில் படத்தைப் பாருங்க. தேடினால் முன்னால் வந்து நிற்கும் அழகான வண்டை அப்படியே ஒட்டிடுறாங்க. மேலும் கீழுமாக இடுக்கி போல இரண்டு நீண்ட கொம்பு இருந்தால், அது பெரும்பாலும் ஹெர்குலிஸ் வண்டு. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழ்வது. நம் செம்பனையைத் தாக்கும் வண்டுக்குத் தலையில் பின்னோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு. உடல் கருமை, நீளம் ஏறக்குறைய 4 செ.மீ. பெண் வண்டுக்குக் கொம்பு சற்றுக் குட்டை.

அடுத்து, செய்தி. புழு உயிருள்ள மரத்தைக் குடைந்து தின்பதாக எழுதுகிறார்கள். அது சிவப்புக் கூன்வண்டின் கதை. காண்டாமிருக வண்டின் புழு மட்கும் மரத்தண்டிலும் எருக்குழியிலும் வளரும். முதிர்ந்த வண்டுதான் குருத்தைத் துளைக்கும். பிறகு விரியும் மட்டையில் கத்தரித்தது போன்ற முக்கோண வெட்டு தெரியும்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் ‘வண்டு’ என்ற சொல். இலக்கியத்தில் வண்டு தேன் உண்ணும், இசை பாடும். அறிவியல் தமிழில் அதே சொல் கடினமான முன்சிறகு கொண்ட பூச்சிகளைக் குறிக்கிறது. ஆகவே, வெறும் ‘வண்டு’ என்று தேடாதீங்க. ‘ஒரிக்டிஸ் ரைனோசெரஸ்’ என்ற அறிவியல் பெயரை ரோமன் எழுத்தில் தட்டித் தேடுங்க.

எதை நம்பலாம்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளம் கலைச்சொல்லுக்கு நல்ல துணை. ஆனால், அங்கே இந்த வண்டு தென்னையின் பூச்சியாகவே வரும். நம் தோட்ட நிலைமைக்கு மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் வெளியீடுகளைப் பாருங்க. மறுநடவில் பழைய மரங்களை எரிக்காமல் துண்டாக்கி மட்கவிடுகிறார்கள். அந்தக் குவியல்களில்தான் வண்டு பெருகுகிறது. விக்கிப்பீடியா தொடக்கத்துக்குச் சரி. அதோடு நிற்காமல் அதன் அடிக்குறிப்பு காட்டும் மூலத்துக்குப் போங்க. அப்படிப் போனால்தான், இந்த வண்டைக் கொல்லும் நச்சுயிரியை ஹூகர் என்ற ஆய்வாளர் 1963இல் மலேசியாவில் கண்டறிந்தார் என்பது போன்ற செய்தி கிடைக்கும். கட்டுரைக்குக் கனம் கொடுப்பது அதுதான்.

படத்துக்கு ஐநேச்சுரலிஸ்ட் தளம் உதவும். எடுத்தவர், இடம், நாள், பயன்பாட்டு உரிமம் எல்லாம் படத்தோடு பார்க்கலாம். அவற்றைப் படத்தின் கீழ் எழுதுங்க. அங்கும் இனப்பெயரைப் பலர் உறுதிப்படுத்தியிருக்கிறார்களா என்று பாருங்க. செயற்கை நுண்ணறிவு வரைந்த வண்டு வேண்டாம். அதன் கொம்புக்கும் காலுக்கும் யாரும் பொறுப்பில்லை.

ஆசிரியர்கள் திருத்தும்போது மூன்று கேள்வி கேட்டால் போதும்: எந்த இனம்? எந்த ஊரில் எடுத்த படம்? யார், எந்த ஆண்டு சொன்னது? பதில் இல்லாத படத்தை எடுத்துவிடச் சொல்லுங்க. தோட்டத்தில் வேலை செய்யும் அப்பா கட்டுரையைப் புரட்டிப் பார்த்து, “இது நம்ம வண்டு இல்லையேப்பா” என்று சொல்லும்படி ஆகக்கூடாது.