கசிவைக் காட்டும் படம்

உரும்பிராயில் வெங்காயத்துக்கு மெஷின் போட்டு இறைப்பவருக்குத் தெரியும்: வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது வேறு, வரம்பு ஊறாமல் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேர்வது வேறு. விழித்திரைக் குருதிக்குழாய் அழற்சியிலும் இதே சிக்கல்தான். குழாய்க்குள் குருதி ஓடிக்கொண்டிருக்கும்; சுவரோ ஊறிக்கொண்டிருக்கும்.

அந்த ஊறலைப் பிடிப்பது புளோரசீன் ஆஞ்சியோகிராம். 1961 இல் நோவொட்னி, அல்விஸ் என்னும் இரு அமெரிக்க மருத்துவ மாணவர்கள் வெளியிட்ட முறை. கை நாளத்தில் ஏற்றிய சாயம் 10, 15 விநாடியில் கண்ணை எட்டி, நீல ஒளியில் பச்சையாக ஒளிரும். நல்ல குழாய் சாயத்தை உள்ளேயே வைத்திருக்கும். 10 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் குழாயோரம் பச்சை பரவிக் கிடந்தால், அங்கே சுவர் கெட்டுவிட்டது. குருதிக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் பெசெற் நோயில், வைத்தியர் நேரே பார்த்து எதுவும் காணாத இடத்திலும் பன்ன இலைபோலக் கசிவு விரிந்திருக்கும்.

1880 இல் பேர்மிங்ஹாமில் ஹென்றி ஈல்ஸ், இளைஞர்களின் விழித்திரையில் அடிக்கடி குருதி கசிந்ததைக் கண்டார். மலச்சிக்கலோடும் மூக்கால் குருதி வடிவதோடும் அதைச் சேர்த்து எழுதினார்; அழற்சி அவர் கணக்கில் வரவில்லை. சாயம் இல்லாத காலம், அவரைக் குறைசொல்வதற்கில்லை. அவர் பெயரைச் சுமக்கும் அந்த நோய் இன்று கூடுதலாகக் காணப்படுவது நம் தெற்காசியாவில்தான்.

சாயமும் குற்றமற்றதல்ல. குமட்டும், சிலருக்கு வாந்தி வரும், சிறுநீர் ஒரு நாள் மஞ்சளாகப் போகும், அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். கசிவு மிகுந்தால் அந்தப் பச்சை மூட்டமே கீழுள்ள நுண்குழாய்களை மறைத்துவிடும். ஊசியே வேண்டாத ஓ.சி.ரி. ஆஞ்சியோகிராம் இங்கேதான் மனதைக் கவர்கிறது. சிவப்பணுக்களின் அசைவைக் கொண்டு குழாய்களை வரையும் அந்தப் படத்தில், அடைபட்ட நுண்குழாய்கள் துல்லியமாகத் தெரியும். ஆனால் அது காட்டுவது ஓட்டத்தை மட்டும். கசிவு அதில் பதிவதே இல்லை. ஓட்டம் மிக மெதுவானால் திறந்த குழாயும் அடைபட்டதாகத் தோன்றும். அழற்சி தணிந்ததா என்று கேட்பவருக்கு அந்த அழகிய படம் பாதி விடைதான்.

சாயப்படத்தின் முழு விடையிலும் ஒரு பொறி உண்டு. பார்வை தெளிந்து, அழற்சி அடங்கிய கண்ணிலும் சிறு கசிவு மிஞ்சலாம். அதைத் துரத்தி ஸ்டீரொயிட்டைக் கூட்டினால் கண்புரையும் கண்ணழுத்தமும் வந்து சேரும். எனவே சாயம் நோயை நிறுவும்போதும் மருந்தை மாற்றும்போதும் போதும், இடையில் ஓ.சி.ரி. ஆஞ்சியோகிராம் எடுக்கலாம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் படகில் வந்து, மருந்து விட்டு விரிந்த கண்மணியோடு வெயிலில் திரும்பிப் போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஊசி குத்தத் தேவையில்லை.