கரண்டி பிடித்தால் கௌரவம் குறையுமா?

நியூயார்க் நகரத்தில் ஒரு பேட்டைக்கு 'ஹெல்ஸ் கிச்சன்' என்று பெயர். தமிழில் 'நரகத்தின் அடுப்படி' என்று சொல்லிக்கொள்ளலாம். பொருத்தமோ குசும்போ, அந்தப் பேட்டையில்தான் 2004-ல் சமையலுக்கென்றே ஓர் அரசுப் பள்ளியைத் திறந்தார்கள். 'ஃபுட் அண்ட் ஃபைனான்ஸ் ஹைஸ்கூல்' என்று பெயர். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை. சின்னப் பள்ளிதான். ஃபீஸ் கிடையாது.

சமையல் பள்ளி என்றால் நாள் பூராவும் வெங்காயம் உரிக்க விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். கணக்கு, விஞ்ஞானம், ஆங்கிலம், சரித்திரம் எல்லாம் உண்டு. அந்த மாநிலத்துப் பிள்ளைகள் எழுதும் அதே பரீட்சையைத்தான் இவர்களும் எழுத வேண்டும். அதற்கு மேல், கத்தியை எப்படிப் பிடிப்பது, அடுப்படியை எப்படிச் சுத்தமாக வைப்பது என்று தொழிலும் கற்கிறார்கள். படித்து முடித்தவர் ஹோட்டலுக்கும் போகலாம், கல்லூரிக்கும் போகலாம். சமையல் கற்ற காரணத்தால் வேறு எந்தக் கதவும் அவருக்கு மூடிக்கொள்வதில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இதே பள்ளியை நம் அரியலூர் மாவட்டம் செந்துறையில் திறப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஏன் செந்துறை? சென்னைவாசிகளில் பலருக்கு அது ரயில் ஜன்னலில் கடந்துபோகும் ஒரு போர்டு. சுற்றிலும் முந்திரிக் காடு, சுண்ணாம்புக்கல் சுரங்கம். ஆலத்தியூர், தளவாய் என்று அந்த வட்டத்துக்குள்ளேயே சிமென்ட் ஆலைகள். உள்ளூரில் பிழைப்பு அமையாதவர்களுக்கு வெளியூர் ரயில்.

பள்ளி திறக்கப் போகிறோம் என்று அறிவித்தால் ஊர் என்ன சொல்லும்? "சமைக்கிறதுக்கா புள்ளைய பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று கேட்கும். நியாயமான கேள்வி. நீங்களும் நானும் நம் பிள்ளைகளுக்கு அதையேதான் கேட்போம்.

செந்துறைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க இன்னும் அதிக உரிமை இருக்கிறது. 2017-ல் அந்த வட்டத்தைச் சேர்ந்த குழுமூர் மாணவி அனிதா, பிளஸ் டூவில் 1200-க்கு 1176 மார்க் வாங்கியும் நீட் தேர்வு குறுக்கே நின்றதால் டாக்டராக முடியாமல் உயிரை விட்டார். அந்த மண்ணில் போய், "டாக்டர் படிப்பை விடுங்கள், கரண்டியைப் பிடியுங்கள்" என்று யாராவது சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். வரவும் வேண்டும்.

இன்னொரு பழைய கோபமும் உண்டு. 1953-ல் ராஜாஜி, பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். 'குலக்கல்வி' என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அன்றிலிருந்து இங்கே பள்ளிக்குள் தொழில் என்று யார் பேச வந்தாலும் நாம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம். அந்தச் சந்தேகம் நம்மைப் பல ஆபத்துகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சமையல் பாடம் நம் அரசுப் பள்ளிகளுக்கு ஏற்கெனவே வந்தாகிவிட்டது. வந்து நாற்பது வருஷங்களுக்கு மேலாகிறது.

1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ ஆரம்பித்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்து வந்தது. பிளஸ் டூவில் தொழிற்கல்வியை எப்படி நடத்தலாம் என்று ஆராய்ந்து அதே வருஷம் அறிக்கை கொடுத்த தேசியக் குழுவுக்குத் தலைவரே நம் ஊர்க்காரர்தான். யுனெஸ்கோவில் பெரிய பதவி வகித்த, வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது.

நடைமுறையில் என்ன ஆயிற்று? பத்தாவதில் நல்ல மார்க் என்றால் ஃபர்ஸ்ட் குரூப். கொஞ்சம் குறைந்தால் அடுத்தது. அப்புறம் காமர்ஸ். எதுவும் தேறவில்லையா, வொகேஷனல். காமர்ஸ் குரூப்பில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களுக்கும் கீழே ஒரு வரிசை இருக்கிறது என்பதில் எங்கள் வகுப்பில் பலருக்கு ஓர் அற்ப சந்தோஷம். ஒரு படிப்பைத் தண்டனையாகக் கொடுத்தால், அதைப் படிப்பவனை ஊர் குற்றவாளியாகத்தானே பார்க்கும்? பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ரிட்டயர் ஆனதும், அந்த இடத்துக்கு ஆள் வராமல் குரூப்பும் சேர்ந்து ரிட்டயர் ஆகிவிட்டது.

உணவு சம்பந்தப்பட்ட பாடத்துக்கு இன்னொரு கூடுதல் கஷ்டம். அதை மனையியல் பிரிவில் வைத்தார்கள். மனையியல் என்றால் பெண் பிள்ளைகளுக்கு என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டோம். வேடிக்கை பாருங்கள். வீட்டில் சம்பளமில்லாமல் சமைத்தால் பொம்பளை வேலை. ஹோட்டலில் சம்பளம் வாங்கிக்கொண்டு சமைத்தால் ஆம்பளை வேலை. நளனும் பீமனும் ஆண்கள்தானே என்று அதற்குப் புராண சாட்சி வேறு.

அடுப்படி இல்லாததால் சொல்லித்தர முடியவில்லை என்று யாரும் தப்பிக்கவும் முடியாது. 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில். செந்துறையும் அப்போது திருச்சி மாவட்டம்தான். 2022-ல் காலை உணவும் சேர்ந்துகொண்டது. அத்தனை பிள்ளைகளுக்கும் மணி தவறாமல் சமைத்து, அளந்து, பரிமாறுகிற நிர்வாகம் தினமும் பள்ளி வளாகத்திலேயே நடக்கிறது. அதைப் பாடமாகப் பார்க்க நமக்குத்தான் கண் இல்லை.

அந்த அடுப்படியில் நாம் கற்றுக்கொடுத்த பாடமே வேறு. 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த பெண் தலித் என்பதற்காக அவர் சமைக்கக்கூடாது என்று பெற்றோர் சிலர் தகராறு செய்தார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கரண்டியை யார் பிடிக்கலாம், யார் பிடிக்கக்கூடாது என்று சாதி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிற நாட்டில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஆணும் பெண்ணுமாக ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற வகுப்பு ஒன்று நடந்தால், அது குலக்கல்விக்கு நேர் எதிரானது.

சரி, எல்லாத் தடையையும் தாண்டி செந்துறையில் ஒரு பையன், "நான் செஃப் ஆகணும்" என்கிறான் என்று வையுங்கள். சென்னை தரமணியில் மத்திய அரசின் கேட்டரிங் நிறுவனம் இருக்கிறது. திருச்சி துவாக்குடியில் மாநில அரசுடையது இருக்கிறது. இதுபோன்ற நிறுவனங்களில் ஹோட்டல் நிர்வாகப் பட்டப்படிப்புக்குப் பிரதான வாசல் ஓர் அகில இந்திய நுழைவுத் தேர்வு. அதை எழுதக்கூடிய மொழிகள் இரண்டு. ஆங்கிலம், இந்தி.

மறுபடி படியுங்கள். டாக்டர் ஆவதற்கான நீட்டை 13 மொழிகளில் எழுதலாம், தமிழும் உண்டு. சாம்பார் வைக்கக் கற்றுக்கொள்ள ஆங்கிலமோ இந்தியோ தெரிந்திருக்க வேண்டும். அதுவரை தமிழில் படித்த செந்துறைப் பையன் என்ன செய்வான்? நீட்டைப் பற்றி இவ்வளவு பேசினோம். இந்தப் பரீட்சையைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? சமையல்காரனாகப் போகிறவனுக்காக யார் கொடி பிடிப்பார்கள்?

சின்னக் கதவு ஒன்று திறந்துதான் இருக்கிறது. பத்தாவது முடித்தவர்களுக்கு ஒன்றரை வருஷக் கைவினைஞர் படிப்பு ஒன்று தரமணியில் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களை அங்கே படிக்கவைக்க தாட்கோ பணமும் கொடுத்துவருகிறது. நல்ல காரியம். ஆனால் அந்தத் தகவல் பேப்பரில் பெட்டிச் செய்தியாக வந்து, வடை மடித்து முடிந்துவிடுகிறது. அதைப் பையனிடம் சொல்லவேண்டிய தொழிற்கல்வி ஆசிரியரின் நாற்காலியோ காலி.

நான் கேட்பது நியூயார்க் பள்ளியை அப்படியே பெயர்த்து எடுத்து வரச் சொல்லி அல்ல. முதலில் அந்த நுழைவுத் தேர்வைத் தமிழிலும் வையுங்கள். வினாத்தாளை மொழிபெயர்க்கும் செலவுதான். காலி நாற்காலிகளை நிரப்புங்கள். அப்புறம் செந்துறை மாதிரி ஏதாவது ஒரு வட்டத்தில் ஒரே ஒரு அரசுப் பள்ளியில், நல்ல அடுப்படியோடு இந்தப் பாடத்தை நடத்திப் பாருங்கள். மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடமாக வைக்காமல், விரும்பியவர்கள் கேட்டு வரும் இடமாக வையுங்கள். கணக்கையும் விஞ்ஞானத்தையும் பிடுங்காதீர்கள். அங்கே படிக்கிற பெண் நாளைக்கு "எனக்குச் சமையல் வேண்டாம், டாக்டராகப் போகிறேன்" என்றால் அந்தக் கதவும் திறந்திருக்க வேண்டும். ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அந்த வாக்கியம் இதற்குத்தான். அது இல்லாவிட்டால் இந்தப் பள்ளியே வேண்டாம். ஊர் எதிர்த்தால் நானும் ஊர்ப் பக்கம்தான்.

அடுத்த முறை ஹோட்டலில் பரோட்டா சாப்பிடும்போது, கல்லுக்குப் பின்னால் வியர்வையோடு நிற்கிற மாஸ்டரிடம், "எந்த ஊரு தம்பி? எதுவரைக்கும் படிச்சே?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குப் பதில் கடைக்குக் கடை மாறும். இரண்டாவது கேள்விக்கு அவ்வளவாக மாறாது.