பங்காளிக்குச் சொல்லாத கேமரா

இருட்டுச் சந்தில் வழிப்பறி நடந்தால் திருடனைப் பிடிப்பது போலீஸ் வேலை. சந்துக்கு விளக்குப் போடுவது நகராட்சி வேலை. இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க பிரிட்டனில் ஒரு சட்டமே தேவைப்பட்டது. 1991-இல் குற்றத்தடுப்பை ஆராய்ந்த மோர்கன் குழு, அதில் உள்ளாட்சிக்குப் பொறுப்புத் தரச் சொன்னது. ஏழாண்டு கழித்து, 1998-இன் குற்றம், ஒழுங்கீனம் பற்றிய சட்டத்தில்தான் அது நடந்தது.

அதன் 17-ஆவது பிரிவு கெட்டிக்காரத்தனமானது. உள்ளாட்சி எந்த வேலையில் இறங்கினாலும் அதனால் குற்றம் கூடுமா, குறையுமா என்று பார்த்தாக வேண்டும். பூங்காவும் குடியிருப்பும் இளைஞர் மன்றமும் குற்றத்தடுப்புக் கணக்கில் ஏறின. லத்தியால் ஆகாத வேலைகள் இவை. இந்த ஏற்பாட்டின் அசல் பலம் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் சட்டம் பொறுப்பாளிகளாகப் பட்டியலிட்டதெல்லாம் அரசு அமைப்புகளை. மக்களிடம் கருத்துக் கேட்டால் போதும் என்று விட்டுவிட்டது. கருத்துச் சொல்பவர் வேறு, கணக்குக் கேட்பவர் வேறு.

பர்மிங்ஹாமில் அது அம்பலமானது. முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளில் 2010-இல் 218 கேமராக்கள் முளைத்தன. அவற்றில் 72 மறைவாக வைக்கப்பட்டவை. முன்னால் நின்ற பெயர், போலீஸும் நகராட்சியும் சேர்ந்த கூட்டமைப்பான 'சேஃபர் பர்மிங்ஹாம் பார்ட்னர்ஷிப்'. சொல்லப்பட்ட காரணம், தெருக்குற்றம். செலவான சுமார் 30 லட்சம் பவுண்டோ பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது. நம் பக்கத்தில் 'பங்காளி' என்றதுமே பாகத் தகராறும் நினைவுக்கு வரும். இங்கே பாகம் இருப்பதே பங்காளிக்குத் தெரியவில்லை.

காவல்துறை கூட்டாளிகளை ஏமாற்றிவிட்டது என்று இதை முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. விளக்கும் பூங்காவும் தந்து சம்பாதித்த நல்ல பெயர் இருந்ததால்தான் அந்தக் கூட்டமைப்பு உளவுக்கு வசதியான முகமூடியானது. கூட்டுப் பெயரில் இன்னொரு வசதியும் உண்டு: யார் முடிவெடுத்தது என்று கேட்டால் விரல் ஒவ்வொரு கதவாகச் சுற்றிவரும்.

இந்தக் கேமராத் திட்டம் பற்றி அப்போதைய தேம்ஸ் வேலி காவல்துறைத் தலைவர் சாரா தார்ன்டன் நடத்திய ஆய்வு, வெளிப்படைத்தன்மை இல்லாததைக் கடுமையாகச் சாடியது. பிறகு, காவல்துறையைக் கண்காணிக்க ஆணையர்களை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றது அரசு. 2012 நவம்பரில் நடந்த முதல் தேர்தலில் வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம்.

பர்மிங்ஹாம் கேமராக்களுக்கு முதலில் பிளாஸ்டிக் பை மாட்டினார்கள், 2011-இல் இறக்கினார்கள். இறக்க வைத்தது, அந்த மேசையில் நாற்காலி இல்லாத தெருக்காரர்கள் போட்ட கூச்சல்.