ஒப்பந்த வலையும் ஒத்துழைப்பும்: ஒரு விமர்சன நோக்கு

பல கணனிகள் இணைந்த வலையமைப்பொன்றில் எவ்வேலையை எக்கணனி செய்வது என்னும் வினா பெரும்பாலும் பொறியியல் வினாவாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. ஆயினும் வேலைப்பங்கீடு பற்றிய எந்த மாதிரியும் சமூக உறவுகள் பற்றிய ஒரு கருத்தைத் தன்னகத்தே கொண்டிருக்கும். இந்நோக்கிலேயே, 1980 இல் றீட் சிமித் வெளியிட்ட 'ஒப்பந்த வலை நெறிமுறை'யை நாம் இங்கு ஆராய முனைகின்றோம்.

நெறிமுறை எளிமையானது. வேலையொன்றை உடைய கணு, முகாமையாளராக நின்று அதனை ஏனைய கணுக்களுக்கு அறிவிக்கும். தகுதியுடைய கணுக்கள் மனுச் சமர்ப்பிக்கும். முகாமையாளர் மனுக்களை மதிப்பிட்டுப் பொருத்தமானதற்கு வேலையை ஒப்படைப்பார். ஒப்பந்தக்காரரோ அவ்வேலையைக் கூறுபடுத்தி, தாமே முகாமையாளராகி, பிறருக்கு அறிவிக்கவுங்கூடும்.

இதன் முற்போக்கான அம்சங்கள் இரண்டு. முதலாவது, முகாமையாளர், ஒப்பந்தக்காரர் என்னும் நிலைகள் எக்கணுவுக்கும் நிரந்தரமானவையல்ல. இரண்டாவது, தெரிவு இருதரப்புக்கும் உரியது: எவ்வேலைக்கு மனுச் செய்வதென்பதைக் கணு தானே தீர்மானிக்கின்றது. மத்திய ஆணையாளர் ஒருவர் பழுதுற்றால் முழு அமைப்பும் முடங்கும் அபாயமும் இதனாற் குறைகின்றது.

எனினும், பெயருக்கும் பொருளுக்குமிடையே முரண்பாடொன்று உளது. சொற்கள் சந்தையிலிருந்து பெறப்பட்டவை, உறவுகளோ சந்தைக்குரியனவல்ல. சிமித் எடுத்துக்காட்டிய உணர்கருவி வலையமைப்பில், கணுவொன்றின் மனு அதன் இருப்பிடத்தையும் அதனிடமுள்ள உணர்கருவிகளையுமே கூறுகின்றது, விலை கூறுவதில்லை. கணுக்கள் பொது நோக்கமொன்றிற்காகவே இயங்குகின்றன. 1993 இல் சாண்ட்ஹோம் இதனைத் தன்னலமுடைய முகவர்களுக்கு விரித்து, போக்குவரத்து வேலைகளின் எல்லைச் செலவைக் கணித்து மனுச் செய்யும் முறையை அமைத்தார். உருவகம் அதன்வழி உண்மைச் சந்தையாயிற்று. 2002 இல் இந்நெறிமுறை முகவர் தொடர்பாடலுக்கான நியமங்களுள் ஒன்றாகவும் இடம்பெற்றது.

இம்மாதிரியின் எல்லைகளும் மனங்கொள்ளத்தக்கவை. முகாமையாளர் தம்மிடம் வந்த மனுக்களை மாத்திரமே அறிவார். அடுத்துவரும் வேலைக்கு அதே கணு கூடுதலாகப் பொருந்தக்கூடும் என்பதை அறியார். மேலும், எல்லா வேலைகளும் தெளிவாகக் கூறுபடுவனவுமல்ல. சிமித்தும் றண்டல் டேவிசும் 1981 இல் வேலையைப் பகிர்தலையும் பெறுபேறுகளைப் பகிர்தலையும் வேறுபடுத்திக் காட்டினர். ஒருவரின் அரைகுறை முடிவு மற்றவரின் முடிவைத் திருத்தவேண்டிய இடத்தில் ஒப்பந்தம் மாத்திரம் போதாது. தொடர்ச்சியான கருத்துப் பரிமாற்றம் வேண்டும்.

இன்று வாடகை வண்டி, உணவு விநியோகம் ஆகியவற்றின் செயலிகள் மனிதருக்கே வேலையை அறிவிக்கின்றன. இவை சிமித்தின் நெறிமுறையையே கையாள்கின்றன என்பது நமது வாதமன்று. ஒப்புநோக்கு மாத்திரமே நமது நோக்கம். இங்கு சாரதி சில விநாடிகளுள் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். தம்மை மதிப்பிடும் அளவுகோலை அவர் பெரும்பாலும் அறியார். அவர் ஒருபோதும் முகாமையாளராவதுமில்லை. மனு ஏற்கப்படாத கணுவுக்கு இழப்பில்லை. வேலை கிடைக்காத சாரதிக்கு அன்றைய ஊதியமில்லை.

ஆகவே, அறிவிப்பும் ஏற்பும் உள்ள இடமெல்லாம் ஒத்துழைப்பு உண்டெனக் கொள்ளுதல் தவறாகும். நிலைகள் மாறக்கூடியனவா, அளவுகோல்கள் இருதரப்பும் அறிந்தனவா, மறுப்பவர் தண்டனையின்றி மறுக்க முடியுமா என்னும் வினாக்களே உரைகல்லாகும். வேலைப்பங்கீட்டு முறைகளை வகுப்போர் இவ்வினாக்களுக்கு விடைகூறக் கடமைப்பட்டவர்கள் என்பதே நமது கருத்தாகும்.