செங்காங் வட்டத்தடமும் உலா மரபும்

செங்காங் இலகு ரயிலில் சன்னலோரம் அமர்ந்தால் ஏறிய நிலையத்திலேயே மீண்டும் வந்து இறங்கலாம். கிழக்கு வட்டம் 2003இலும் மேற்கு வட்டம் 2005இலும் திறக்கப்பட்டன. ஓட்டுநர் இல்லை. அலுவலுக்குச் செல்வோர்க்கு இது ஊர்தி. பேரப்பிள்ளையோடு வரும் பாட்டனார்க்கு உலா.

உலா என்னும் சொல்லை ஈண்டு அணிக்காக நாம் ஆளவில்லை. ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் தலைவன் வீதி சுற்றி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிர் அவனைக் காண்பர். செங்காங்கில் சுற்றி வருபவனே காண்கிறான். மேற்கு வட்டத்தில் பொங்கோல் ஆறும், அடுக்குமாடி வீடுகளில் உலரும் துணிகளும் அவனுக்குக் காட்சியாகின்றன. தொங்காங், லாயார் என நிலையப் பெயர்களில் படகும் பாயும் எஞ்சியுள்ளன. புக்கிட் பாஞ்சாங் இலகு ரயிலிலோ, வீடுகளை நெருங்குகையில் சன்னற்கண்ணாடி தானே மங்கிவிடும். உலாப் பாடிய புலவர் எவர்க்கும் நேராத சிக்கல் இது!

சிங்கைத் தமிழுக்கு இன்பச்செலவு புதிதன்று. 1893இல் வெளிவந்த ரங்கசாமி தாசனின் குதிரைப் பந்தய லாவணி, பந்தயம் காணப் போகும் வழிக்காட்சிகளைப் பாடியது. அப்பந்தயத்திடல் இருந்த ஃபேரர் பார்க் வட்டாரத்தின் அடியில்தான், லிட்டில் இந்தியாவிலிருந்து செங்காங் செல்லும் வடகிழக்குத் தடம் இன்று ஓடுகிறது. முழுதும் சுரங்கம்; காண ஒன்றுமில்லை. செங்காங்கில் மேலேறி வண்டி மாறிய பின்னரே காட்சி தொடங்குகிறது.

புலம்பெயர் இலக்கியம் என்றவுடன் ஏக்கத்தையே தேடும் நம் திறனாய்வு, இத்தகைய களிப்பை ஆழமற்றதென ஒதுக்கிவிடுகிறது. லாவணியையும் வரலாற்றுச் சான்றாகவே பெரிதும் வாசிக்கிறோம். வகுப்பில் அதனைக் கற்பிக்கும் முன் மாணவரை ஒருமுறை செங்காங் வட்டத்தில் சுற்றிவரச் செய்யலாம்.