நடுவில் உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர்

ஆவணப்பட வரலாறு என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பக்கங்களிலேயே 'நானூக் ஆஃப் தி நார்த்' வந்துவிடும். 1922ல் ராபர்ட் ஃப்ளாஹர்டி கனடாவின் வடகோடியில் எடுத்த படம். பனிவீடு கட்டுவது, வால்ரஸ் வேட்டை, நாய்வண்டி, சிரித்த முகத்தோடு நானூக். அழகான படம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் பெயர் நானூக் இல்லை, அல்லாகரியல்லாக். படத்தில் வரும் மனைவி அவர் மனைவி இல்லை. அந்தப் பகுதி இன்யூட் மக்கள் அப்போதே துப்பாக்கி வைத்திருந்தார்கள். கேமராவுக்காக ஈட்டியோடு போனார்கள். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று பனிவீட்டைப் பாதியாக வெட்டித் திறந்துவைத்துப் படமெடுத்தார்கள். கிராமஃபோனைப் பார்த்து அதிசயித்து இசைத்தட்டைக் கடித்துப் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. அதுவும் நடிப்பு. பணம் போட்டது ரெவியோன் என்ற பிரெஞ்சு ரோம வியாபாரக் கம்பெனி.

இதெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியதுதான். நான் எழுத வந்தது வேறொரு படத்தைப் பற்றி. அதை நம்மில் அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். 2019ல் சகரியாஸ் குனுக் எடுத்த 'ஒன் டே இன் தி லைஃப் ஆஃப் நோவா பியுகாட்டுக்'.

குனுக் 1957ல் கபுயிவிக் என்ற இடத்தில் பிறந்தவர். 1960களின் நடுவில், பள்ளிக்கூடத்துக்காக இக்லூலிக் என்ற குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஹாலில் ஜான் வெய்ன் படங்கள் போடுவார்கள். டிக்கெட் காசுக்காகக் கல்லில் சின்னச் சின்னச் சிற்பம் செதுக்கி விற்றார். பிறகு 1981ல் அதே சிற்பங்களை மாண்ட்ரியாலில் விற்றுத்தான் முதல் வீடியோ கேமரா வாங்கினார். இக்லூலிக் மக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தங்கள் மொழியில் நிகழ்ச்சி இல்லாத டிவி எங்களுக்கு வேண்டாம் என்று 1970களில் இரண்டு முறை ஓட்டுப்போட்டு மறுத்த ஊர் அது. 2001ல் குனுக்கின் 'அடானர்ஜுவாட்' கான் விழாவில் கேமரா தோர் விருது வாங்கியது. முழுக்க இனுக்டிடுட் மொழியில் எடுத்த படம்.

நோவா படத்தின் கதை ஒரு வரிதான். 1961, கபுயிவிக். நோவா ஆட்களோடு நாய்வண்டியில் வேட்டைக்குக் கிளம்புகிறார். வழியில், உறைந்த கடல்மேல், அரசாங்கத்து வெள்ளைக்காரர் ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு வருகிறார். டீ போடுகிறார்கள், பேசுகிறார்கள். குடியிருப்புக்கு வந்துவிடுங்கள், வீடு தருகிறோம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்கிறார் அவர். நோவா மசியவில்லை. அவ்வளவுதான்!

கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் படத்தின் பெரும்பகுதி இந்தப் பேச்சுதான். முதல் அரைமணி நேரம் பொறுமையைச் சோதிக்கும், சொல்லிவிடுகிறேன். ஆனால் பேச்சு ஆரம்பித்ததும் நான் நகரவில்லை. காரணம், நடுவில் உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர்.

சப்டைட்டில் இரண்டு பக்கத்துக்கும் ஓடுகிறது. அதனால் வெள்ளைக்காரர் சொன்னதும் நமக்குத் தெரியும், அது இனுக்டிடுட்டில் என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்பதும் தெரியும். நீளமான விளக்கம் போனால் குட்டி வாக்கியமாக இறங்குகிறது. நோவாவின் கேலி அந்தப் பக்கம் போகும்போது மழுங்கிவிடுகிறது. நம்ம ஐ.டி. ஆட்களுக்கு இது நன்றாகவே பழக்கம். கிளையண்ட் காலில் நடுவில் ஒருத்தர் இருப்பார். அங்கிருந்து வரும் மிரட்டலை இங்கே வேண்டுகோளாக மாற்றுவார், இங்கிருந்து போகும் 'முடியாது'வை 'பார்க்கிறோம்' ஆக்குவார். நமக்குப் போவது ஒரு ரிலீஸ் தேதி. நோவாவுக்குப் போவது ஊரும் பிள்ளைகளும்.

அதிகாரியின் கதாபாத்திரப் பெயரே 'பாஸ்'. இனுக்டிடுட்டில் 'இசுமாடாக்'. 'இசுமா' என்றால் சிந்தனை, அதாவது யோசிக்கிறவன்தான் தலைவன். குனுக்கின் கம்பெனிக்கும் இசுமா என்றுதான் பெயர். படம் முழுக்க யோசித்துப் பேசுகிறவர் யார், ஒப்பித்துக்கொண்டிருப்பவர் யார் என்று பார்த்தால் இந்தப் பெயரில் உள்ள குசும்பு புரியும். டீயில் சர்க்கரை போட்டுக்கொண்டே ஓர் உபசாரம் படிப்படியாக உத்தரவாக மாறுவதை, ஒருவரும் குரலை உயர்த்தாமலே காட்டியிருக்கிறார்.

குறையும் உண்டு. இடம்பெயர்வதால் வாழ்க்கை தலைகீழாகப் போவது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தானே? அவர்கள் முகாமோடு நின்றுவிடுகிறார்கள். பேச்சு நடக்கும் இடத்தில் அவர்களுக்கு இடமில்லை. அன்றைக்கு நிஜத்தில் அப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. அந்த அதிகாரியையும் இன்னும் கொஞ்சம் மனுஷனாகக் காட்டியிருக்கலாம். நல்லது செய்வதாக மனதார நம்பியவர்கள்தான் அதிகம் கெடுத்திருக்கிறார்கள்.

இந்த டீப்பேச்சு எவ்வளவு மென்மையானது என்பதை, நானூக் எடுக்கப்பட்ட இனுக்ஜுவாக் ஊரில் நடந்ததோடு ஒப்பிட்டால் தெரியும். 1953ல் அங்கிருந்து சில குடும்பங்களை அரசு கப்பலேற்றி, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே வராத இடத்தில் இறக்கிவிட்டது. வேட்டை நன்றாக இருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்றார்கள். திருப்பி அனுப்பவில்லை. 1955ல் அப்படிப் போனவர்களில் ஜோசஃபி என்பவரும் ஒருவர். ஃப்ளாஹர்டி படமெடுக்க வந்த காலத்தில் அவருக்கும் ஓர் இன்யூட் பெண்ணுக்கும் பிறந்த மகன். அப்பா திரும்பி வந்து பார்க்கவேயில்லை. கனடா அரசு மன்னிப்புக் கேட்டது 2010ல். ஜோசஃபியின் மகள் மார்த்தாவின் வாழ்க்கை 2009ல் தனி ஆவணப்படமாக வந்திருக்கிறது. கிடைத்தால் நானூக்கைப் பார்த்த கையோடு பாருங்கள்.

நோவா அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதிகாரி கிளம்பிப் போகிறார். அடுத்த சில வருடங்களில் அந்தப் பக்கத்து முகாம்கள் காலியாகி, எல்லோரும் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். படம் அதைக் காட்டுவதில்லை. கடைசியில் நிஜ நோவா பியுகாட்டுக், வயதான காலத்தில் பதிவுசெய்யப்பட்ட வீடியோவில் வருகிறார். அவர் பேசும்போது நடுவில் மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை.