பட்டாளத்துத் தலைப்பாகை

குடியரசு நாள் அணிவகுப்பில் சீக்கியப் படைப்பிரிவு வரும்போது எல்லார் கண்ணும் கால்களின் மேல்தான் இருக்கும். ஒரே தாளத்தில் எழுந்து விழும் அந்தக் கால்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னோடு ஒரு கணம் பார்வையைச் சற்றே உயர்த்திப் பாருங்கள். வரிசை வரிசையாக வரும் அந்தத் தலைப்பாகைகள் ஆலையில் அச்சில் வார்த்த தொப்பிகள் அல்ல. ஒவ்வொன்றும் கையால் சுற்றிக் கட்டியது. அப்படியிருந்தும் ஒரே உயரம், ஒரே சாய்வு, நெற்றிக்கு நடுவே ஒரே கூர்மை! ஒவ்வொருவனும் தன் தலைக்கெனத் தனியாகக் கட்டிய ஒன்று, ஊரே சேர்ந்து கட்டியதுபோல் ஒத்திருக்கும் இந்த அதிசயம் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் திகட்டுவதில்லை.

முதலில் துணியைப் பார்ப்போம். மெல்லிய பருத்தித் துணி. ஐந்து, ஆறு மீட்டர் நீளம் இருக்கும். அதை அப்படியே தலையில் சுற்றிவிட முடியாது. இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை ஒருவர் பிடிக்க, மறுமுனையை மற்றவர் பிடித்து, விறைப்பாக இழுத்து, நீளவாக்கில் மடித்து, மறுபடி இழுத்து, மறுபடி மடிப்பார்கள். 'பூணி' என்பது இதற்குப் பஞ்சாபில் வழங்கும் பெயர். பட்டுப்புடவைக்குக் கொசுவம் எடுத்துப் பழகிய நம் வீட்டுப் பெண்கள் பார்த்தால் அந்த விரல்களின் பக்குவத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். துணியின் சுருக்கமெல்லாம் இந்த இழுப்பிலேயே போய்விடும். பட்டாள முகாமில் விடிகாலையில் சிப்பாய்கள் ஒருவருக்கொருவர் முனை பிடித்துக் கொடுப்பது அன்றாடக் காட்சி. சீருடையின் மற்ற எந்தப் பகுதியும் இப்படி ஒரு தோழனின் கையைக் கேட்பதில்லை.

அடுத்து, சுற்று. வெட்டாத முடியை உச்சியில் கொண்டையாக முடிந்தபின், துணியின் ஒரு முனையைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு சுற்றத் தொடங்குகிறார் வீரர். வலமிருந்து ஏறும் மடிப்பும் இடமிருந்து ஏறும் மடிப்பும் நெற்றிக்கு நேரே சந்திக்கின்றன. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை முழுக்க மறைத்துவிடாமல், ஒரு விரல் விளிம்பை வெளியே விட்டுவிட்டு அமர்கிறது. அதனால்தான் பக்கவாட்டில் அந்தப் படிக்கட்டு வரிகள் விழுகின்றன. கடைசிச் சுற்று உச்சியை மூடியதும், ஒரு சிறு உலோக ஊசியால் மடிப்புகளை உள்ளே தள்ளி, நீவி, ஓரங்களைக் கூராக்குகிறார்கள். கடைசியாகக் கவனிக்க வேண்டியது, நெற்றியின் நடுவே தெரியும் அந்தச் சின்ன முக்கோணம். உள்ளே கட்டியிருக்கும் வேறு நிறத் துணியின் துளி அது. 'ஃபிஃப்டி' என்பார்கள். ஒரு விரற்கடை அகலத்துக்குள் வந்து நிற்கும் அந்த மாற்றுநிறம் இல்லாவிட்டால் முழுத் தலைப்பாகையும் சற்று ஊமையாகிவிடும் என்பது என் எண்ணம்.

1699-ஆம் ஆண்டு வைசாகி நாளில், ஆனந்தபூர் சாகிபில் குரு கோவிந்த் சிங் கால்சா என்னும் சீக்கிய அமைப்பைத் தோற்றுவித்த நாள் முதல், வெட்டாத முடி சீக்கியருக்குச் சமயக் கட்டளை; அதைக் காப்பது தலைப்பாகை. பட்டாளம் அதை ஒரு விதிவிலக்காக ஒதுக்கி வைக்கவில்லை. தன் விதியாகவே எழுதிக்கொண்டது. அந்த எழுத்தின் நயத்தை நிறத்தில் பாருங்கள். தரைப்படையில் பொதுவாக ஆலிவ் பச்சை. கவசப் படையில் மற்றவர் கறுப்பு பெரே தொப்பி அணிந்தால் சீக்கியருக்குக் கறுப்புத் தலைப்பாகை. பாராசூட் வீரருக்கு அரக்குச் சிவப்பு. ஐ.நா. அமைதிப்படையில் போய் நின்றாலோ வான்நீலம்! வடிவம் சமயத்தினுடையது, வண்ணம் படையினுடையது. இரண்டும் ஒரே துணியில் குடியிருக்கின்றன.

சின்னத்தையும் விட்டுவிடக் கூடாது. சீக்கிய ரெஜிமெண்டின் சின்னம் ஒரு வட்டம்; அதன் நடுவே சிங்கம். அந்த வட்டம் வெறும் அலங்காரமல்ல, விளிம்பு தீட்டிய சக்கரம் என்னும் எறியாயுதம். நிஹாங் என்னும் சீக்கியப் போர்மரபு வீரர்கள் தங்கள் நெடிய கருநீலத் தலைப்பாகையைச் சுற்றி இந்தச் சக்கரங்களை அணிவார்கள். எறிய வேண்டிய ஆயுதம் சின்னமாகச் சிறுத்து நெற்றிக்கு மேல் வந்து அமர்ந்திருக்கிறது. போர்க்கருவி ஒன்று இவ்வளவு அடக்கமாக அணிகலன் ஆனதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பழைய சித்திரங்களில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. 1911-இல் வெளியான 'தி ஆர்மீஸ் ஆஃப் இந்தியா' என்ற நூலுக்கு லவெட் என்ற ராணுவ அதிகாரி வரைந்த வண்ண ஓவியங்களைத் தேடிப் பாருங்கள். அன்றைய ரெஜிமெண்டுகள் பலவற்றில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனிக் கம்பெனி. பஞ்சாபி முஸ்லிம் வீரர் குல்லா என்னும் கூம்புத் தொப்பியைச் சுற்றிக் கட்டுவார். கொண்டை இருப்பதால் சீக்கியருக்குக் குல்லா இல்லை. ஒரே படைக்குள் ஒவ்வொரு கம்பெனியும் தன் முறைப்படிக் கட்டிக்கொண்டு நிற்பதை அந்தத் தூரிகை எத்தனை பொறுமையாகப் பதிந்து வைத்திருக்கிறது!

இரு உலகப் போர்களிலும் சீக்கிய வீரர் பலர் இரும்புத் தொப்பியை மறுத்துத் தலைப்பாகையோடே குண்டுமழைக்குள் நின்றார்கள். அவர்களுக்கெனத் தனித் தலைக்கவசம் வாங்கும் பேச்சு 2023-இல் எழுந்தபோது சீக்கிய அமைப்புகள் எதிர்த்தன. அந்த விவாதம் பெரியது. இங்கே அதற்குள் நுழையவில்லை.

சமய உடையைச் சீருடையோடு இசைக்கும் இந்த நயம் அமெரிக்காவில் காலம் தாழ்த்தியே மலர்ந்தது. விமானப்படையில் உளவியலாளராக இருந்த சிம்கா கோல்ட்மன் என்ற யூதர் தம் சிறு வட்டத் தொப்பிக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, துப்புரவான, ஆரவாரமில்லாத சமய உடைக்கு இடம் தந்தது. 2017-இல் வந்த தரைப்படை ஆணையோ ஒரு தையற்காரரின் கவனத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. தலைப்பாகையின் நிறம் சீருடையோடு இசைய வேண்டும்; பதவிச் சின்னம் அதன் மேலேயே அமர வேண்டும். ஹிஜாபின் முனைகளை மேற்சட்டைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். முகம் மறையக் கூடாது. லண்டனில் 2018-இல் அரசியின் பிறந்தநாள் அணிவகுப்பில், உயர்ந்த கரடித்தோல் தொப்பிகளின் வரிசைக்கு நடுவே ஓர் இளைஞர் கறுப்புத் தலைப்பாகையோடு நடந்தார். அதன் நெற்றியில் ரெஜிமெண்டின் நட்சத்திரம் மின்னியது. கறுப்போடு கறுப்பு சேர்ந்ததால் வரிசையின் அழகு குலையவில்லை, கூடியது.

2015 ஜூலையில் அப்துல் கலாமின் உடல் டெல்லிப் பாலம் விமான நிலையத்துக்கு வந்தபோது, தொண்ணூற்றாறு வயது விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங் சக்கர நாற்காலியில் வந்து, எழுந்து நின்று, ராமேஸ்வரத்தின் பிள்ளைக்கு வணக்கம் செலுத்தினார். வணக்கம் வைக்கும் கை தலைப்பாகையின் ஓரத்தில் போய் நிற்கும் அந்த இடத்தைப் படங்களில் பாருங்கள். தொப்பியின் விளிம்பில் நிற்கும் கையைவிட எனக்கு அது அழகு.

சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் நிறைவு அணிவகுப்பிலும் தலைப்பாகை அணிந்த இளைஞர்கள் நடப்பதுண்டு. அடுத்தமுறை தொலைக்காட்சியில் காட்டும்போது கால்களைப் பிறகு பாருங்கள். முதலில் அந்த மடிப்புகளை எண்ணுங்கள்.